உருகுவதற்கு முன் நடப்பதைப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரையில் மேடும் பள்ளமுமாகப் போகும் டி.எஸ்.சி. (சூடாகும் பொருளின் வெப்பப் போக்குவரத்தை அளக்கும் முறை) வரைபடத்தைக் கண்டால் பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பழகிய கண்ணுக்கோ, அந்த பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது, அதை எப்படி ஆறவைத்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே கோட்டில் தெரிந்துவிடும். கண்ணைப் பழக்க ஏற்ற பிளாஸ்டிக் ஜோடி ஒன்று உண்டு: பீக் (பாலிஈதர் ஈதர் கீட்டோன்), பி.இ.ஐ. (பாலிஈதர்இமைடு).

முதலில் ஜோடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பீக், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1978-இல் உருவானது. விமான பாகங்கள் முதல் முதுகெலும்பில் பொருத்தும் உள்வைப்புகள் வரை பயன்படுகிறது. சுமார் 343 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் 143 டிகிரியைத் தாண்டியதுமே, படிகமாகாத பகுதி இளகி, விறைப்பு குறையத் தொடங்கும். 1982-இல் ஜெனரல் எலக்ட்ரிக் 'அல்டெம்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பி.இ.ஐ. 217 டிகிரி வரை விறைப்பாக நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அது படிகமே ஆகாது. குளோரோஃபார்மில் கரைந்தும் போகும். பீக்கை அந்தத் திரவம் கரைப்பதில்லை.

பெரும்பாலான பாலிமர்கள் ஒன்றோடொன்று கலக்காது. இவை இரண்டும் உருகிய நிலையில் எந்த விகிதத்திலும் முழுமையாகக் கலக்கும். ரசிக்க வேண்டியது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோட்டை இடமிருந்து வலமாகப் படியுங்கள்

கருவி எளிமையானது. சில மில்லிகிராம் துணுக்கு ஓர் அலுமினியக் கிண்ணத்தில். பக்கத்தில் காலிக் கிண்ணம். இரண்டையும் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கி, துணுக்கு கூடுதலாக வாங்கும் வெப்பத்தையோ வெளிவிடும் வெப்பத்தையோ கோடாக வரைவார்கள். படிக்கும் முன் ஓரத்திலுள்ள அம்புக்குறியைப் பாருங்கள். வெப்பம் வெளிவருவதைச் சிலர் மேல்நோக்கியும் சிலர் கீழ்நோக்கியும் வரைவார்கள்.

சட்டென்று குளிரவைத்த பீக் படலம் தேன் நிறத்தில், ஊடுருவித் தெரியும்படி இருக்கும். அதைச் சூடாக்கினால் 143 டிகிரி அருகே, அந்த இளகலைக் காட்டும் ஒரு சிறு படி கோட்டில் வரும். 170 – 180 டிகிரியில், அசைய இடம் கிடைத்த மூலக்கூறுச் சங்கிலிகள் அடுக்காகச் சேர்ந்து வெப்பத்தை வெளிவிடும். படலம் ஒளிபுகாமல் மங்கிப்போகும். பிறகு 343 டிகிரியில் உருகல்.

இப்போது பாதிக்குப் பாதி கலவை. 143-இலும் 217-இலும் இரண்டு படிகளைத் தேடாதீர்கள். 175 டிகிரி சுமாருக்கு ஒரே படிதான் இருக்கும். உண்மையாகவே கலந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். படிகமாகும் மேடோ 200 டிகிரியைத் தாண்டி நகர்ந்திருக்கும். ஜாமூன் பாகு பூத்துவிடாமலிருக்க எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதுபோலத்தான். சாறு சர்க்கரையில் ஒரு பங்கைப் பிரித்து, அடுக்கில் சேராத மூலக்கூறுகளை நடுவே விட்டுவிடுகிறது. இங்கே பி.இ.ஐ. அந்த வேலையைச் செய்கிறது.

ஒதுக்கப்பட்டது எங்கே போகிறது?

பீக் படிகத்துக்குள் பி.இ.ஐ.க்கு இடமில்லை. படிகம் வளர வளர, மிச்சமுள்ள படிகமாகாத பகுதியில் அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். ஆகவே படிகமான கலவையை மறுபடி அளந்தால், அந்தப் படி இன்னும் உயர்ந்த வெப்பநிலைக்கு நகர்ந்திருக்கும். கோட்டில் மிக அழகான இடம் இது, தவறவிடாதீர்கள்.

படிகம் வளர்வதைக் கண்ணால் பார்க்க, சூடாக்கும் மேடை பொருத்திய போலரைசர் நுண்ணோக்கி வேண்டும். குறுக்காக வைத்த இரு போலரைசர்களுக்கு நடுவே உருகிய கலவை வெறும் இருட்டாகத் தெரியும். குளிரும்போது அங்கங்கே ஒளிப்புள்ளிகள் முளைத்து, நடுவில் கரிய சிலுவையோடு வட்டங்களாக விரியும். பி.இ.ஐ. கூடக்கூட அந்த விரிவு மந்தமாகும். நானோமீட்டர் கனமுள்ள படிகத் தகடுகளின் இடுக்கில் பி.இ.ஐ. சிக்கியிருக்கும். ஆனால் அதிக வெப்பத்தில் நிதானமாக வளரவிட்டால், அது இன்னும் தள்ளிப்போய் ஒதுங்க நேரம் கிடைக்கும்.

இரண்டு சூடாக்கலையும் கேளுங்கள்

முதல் சூடாக்கல், துணுக்கு எடுத்த பாகம் அதுவரை பட்டதைச் சொல்லும். எந்த வெப்பத்தில் அதை நெடுநேரம் வைத்திருந்தார்களோ, அதற்குச் சற்று மேலே ஒரு சிறு உருகல் தலைகாட்டும். பிறகு 400 டிகிரி வரை கொண்டுபோய்ச் சில நிமிடம் நிறுத்தினால் பழைய தடயம் அழிந்துவிடும். ஒரே வேகத்தில் குளிரவைத்து மறுபடி சூடாக்கும்போது தெரிவது பொருளின் இயல்பு. பாகம் சரியாக வார்க்கப்பட்டதா என்று அறிய முதலாவது, இரு கலவைகளை ஒப்பிட இரண்டாவது.

கடைசியில் ஒரு கணக்கு

முழுக்கப் படிகமான பீக் உருக கிராமுக்கு 130 ஜூல் வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். உருகல் பரப்பிலிருந்து, சூடாக்கும்போது உண்டான படிகத்தின் பரப்பைக் கழியுங்கள். 39 ஜூல் மிஞ்சினால் 30 சதவீதம் படிகம். பாதிக்குப் பாதி கலவையில் 19.5 ஜூல் வந்தால் படிகம் பாதியாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அந்தக் கிராமில் பீக் அரை கிராம்தான். அதாலும் வகுத்தால் அதே 30 சதவீதம். கலந்ததால் படிகம் குறைந்தது என்று சொல்லும் கட்டுரை கிடைத்தால், இந்த வகுத்தலைச் செய்தார்களா என்று முதலில் பாருங்கள்.