பண்டிகைத் தொகுப்பில் ஒரு விபரீதம்

'தி சிம்ப்ஸன்ஸ்' என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் முழுப் பருவத் தொகுதிகள் 2001 முதலே டிவிடிகளாக வெளிவரத் தொடங்கிவிட்டன. அவ்வாறிருக்க, 2003-இல் 'கிறிஸ்மஸ் வித் தி சிம்ப்ஸன்ஸ்' என்ற பெயரில் ஐந்து அத்தியாயங்களை மட்டும் தனியே கட்டி விற்றதற்கு விற்பனைப் பருவத்தைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1992-இன் 'மிஸ்டர் ப்ளவ்' இதில் சேர்க்கப்பட்டிருப்பதே அதற்குச் சான்று. ஹோமர் லாரி வாங்கிச் சாலைப் பனியை அகற்றும் அக்கதையில் பண்டிகை இல்லை. பனி மட்டுமே உண்டு. தொகுத்தோர்க்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆயினும், இவற்றை ஆண்டு வரிசையில் பார்ப்போர்க்கு, தொகுத்தோர் எண்ணியிராத ஒரு சித்திரம் புலப்படும்.

முதலாவது, 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான தொடரின் முதல் முழுநீள அத்தியாயம். மகன் பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிப்பதற்கே தாய் மார்ஜின் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. முதலாளி பர்ன்ஸோ ஊக்கத்தொகையை மறுத்துவிடுகிறார். அதை வீட்டில் சொல்லக் கூசும் ஹோமர், அங்காடியில் கிறிஸ்மஸ் தாத்தா வேடமிட்டு உழைக்கிறான். பிடித்தங்கள் போக அவன் கையில் கிடைப்பது 13 டாலர். அதையும் நாய்ப் பந்தயத்தில் இழந்து, தோற்றதற்காக விரட்டப்பட்ட நாயையே வீட்டுக்குக் கொண்டுவருகிறான். (சூதாட்டத்தை மென்மையாகக் கடந்துபோவது இதன் குறைதான்.) இல்லாமையை மறைக்கப் பாடுபடும் ஒரு தந்தையின் வெட்கத்தை இத்துணை எளிமையாகக் காட்டிய நகைச்சுவை அரிது. சித்திரம் கரடுமுரடானது, ஆனால் மனிதர்கள் மெய்யானவர்கள்.

1997-இன் கதையில் பணம் வேறு முகம் காட்டுகிறது. பார்ட்டின் பொய்யை நம்பி ஊரார் திரட்டித் தரும் 15,000 டாலர், உண்மை வெளிப்பட்டதும் பகையாக மாறுகிறது. 1999-இல் நொடித்துப்போன பள்ளியைப் பொம்மை நிறுவனம் ஒன்று கைப்பற்றி, குழந்தைகளின் ஆசைகளை வகுப்பறையிலேயே வேவு பார்க்கிறது. 2001-இன் கதையில் சேதமுற்ற தேவாலயம் பர்ன்ஸின் பணத்தால் எழும்புகிறது. உள்ளே விளம்பரங்களும் குடியேறுகின்றன. அதைச் சகியாத சிறுமி லிஸா வெளியேறிப் பௌத்தத்தைத் தழுவுகிறாள்.

தந்தையின் வெறுங்கையில் தொடங்கிய தொடர், பன்னிரண்டு ஆண்டுகளில் வணிகம் வழிபாட்டிடத்தையே விலைக்கு வாங்குவதில் வந்து நிற்கிறது. தனித்தனிப் பருவத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கும் இந்தப் பயணத்தை ஒன்றாகக் காட்டுவது, பண்டிகை வணிகத்துக்கென்றே கட்டப்பட்ட இவ்வட்டுதான் என்பது விபரீதமானது. கேலிக்கு உள்ளானவனே கேலியை விற்றுத் தருகிறான். அதனால் கேலியின் கூர் மழுங்கிவிடுகிறதா? 1999-இன் அத்தியாயத்தைப் பொறுத்தவரை, ஆம் என்றே சொல்வேன். அங்கே பொம்மை நிறுவனம் வெறும் வில்லன். பொம்மையை விரும்பும் பிள்ளைகளின் மனம் ஆராயப்படவில்லை.

லிஸாவின் கதை அதனினும் மேலானது. தொழுமிடம் வணிகர் கைக்குப் போனால் விசுவாசி என்செய்வது என்பது எச்சமயத்தார்க்கும் அந்நியமான கேள்வியன்று. எனினும் அவளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் அவசரத்தில் கதை அக்கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. நடிகர் ரிச்சர்ட் கியர் தாமாகவே தோன்றி, பிற சமயங்களை மதிப்பதும் பௌத்தமே என்று அவளுக்கு விளக்குகிறார். அவள் பௌத்தையாகவே வீடு திரும்புகிறாள். அவளை வெளியேற்றிய விளம்பரங்களைப் பற்றிப் பிறகு பேச்சில்லை.