திறந்த வாயிலும் அடைத்த கதவும்

வழிகாட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை கண்ட மொழி நம் மொழி. ஆற்றுப்படை என்பது அதன் பெயர். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வரும் கலைஞனை நிறுத்தி, இன்ன ஊர் வழியே செல், இன்னார் சோறிடுவர், இன்னானைக் காண் என்று சொல்லி அனுப்புகிறான். டப்ளின் நகரத்தார், ஜாய்சின் 'யுலிசிசு' நாவல் நடந்த தெருக்களில், சூன் 16-ஆம் நாள் வேடம் பூண்டு, வாசித்து, நடந்து வருவதை 1954-இல் தொடங்கி வைத்தனர். அதைக் கேட்டு வியக்கும் நம் இளைஞர்க்கு, யாழும் ஆடலும் உடன்வர ஊர் ஊராக நடந்த ஒரு பாட்டு தம் கொல்லைப்புறத்திலேயே கிடப்பது தெரிவதில்லை.

சிறுபாணாற்றுப்படையைச் சொல்கிறோம். 269 அடிகள். பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்துக்கு வடக்கே கடலோரத்தில் இடைக்கழிநாடு என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் – இதுவே பாணன் காட்டும் வழி. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம், வேலூர் உப்புவேலூர், கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதி என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிவு. எனவே, மரக்காணத்திலிருந்து அனுமந்தை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறப்பவர், தாம் அறியாமலே பத்துப்பாட்டின் ஓர் ஏட்டைக் கடக்கிறார்.

உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். அதன்பின் இப்பாட்டைப் புலவர் பெருமக்கள் எவ்வாறு படித்தனர்? வள்ளல் புகழாகப் படித்தனர். மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன், முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி என்று மேடைதோறும் முழங்கினர். கால் நோவ நடந்தவளை மறந்தனர். நத்தத்தனார் மறக்கவில்லை. தொடக்கத்திலேயே விறலியின் அடியைக் காட்டுகிறார். இளைத்த நாயின் நாவை அதற்கு ஒப்புச் சொல்கிறார். அழகுக்குச் சொன்ன உவமையிலும் களைப்பே மேலோங்கி நிற்கிறது. அரண்மனைத் திண்ணையில் அமர்ந்தவன் கண்ணுக்கு இது படுமா? உடன் நடந்தவன் கண்ணுக்குத்தான் படும்.

பிறகு வருகிறது அந்த வீடு. கண் திறவாக் குட்டிகள் பாலற்ற மடியை இழுக்க, நோவு தாளாமல் குரைக்கிறது நாய். சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. பசியால் ஒடுங்கிய கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டால் நகைப்பரே என நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

உப்பின்றி! உப்புக் கரையிலிருந்து புறப்படும் வழியைப் பாடும் பாட்டில், கலைஞர் வீட்டு உலையில் ஒரு கல் உப்பில்லை. புலவர் எண்ணித்தான் பாடினாரோ, தானாய் அமைந்ததோ, அறியோம். மரக்காணத்து உப்பளத்தைக் கண்டவர் அந்த அடியைத் தாண்டிப் போக முடியாது.

பாட்டின் பெருமை வழியிலே இருக்கிறது. பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட மீனும், எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும், உழவர் வீட்டில் கைக்குற்றரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும் என்கிறான் பாணன். அரசனை அடையுமுன்னே மக்கள் மூன்று முறை சோறிட்டுவிடுகின்றனர்! அதே பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை முருகனிடம் அனுப்புகிறது. இதுவோ மனிதரிடம் அனுப்புகிறது. அதற்காகவே இதனை நாம் உயர்த்திச் சொல்கிறோம்.

குறையும் உண்டு. கொற்கையைச் சொல்லுமிடத்தில், மந்தியொன்று சிப்பிக்குள் முத்தை இட்டு, உப்பு வணிகர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டும் அழகு வருகிறது. உப்பை விளைவித்த கை வரவில்லை. கிணைமகள் ஏன் பட்டினி கிடந்தாள் என்னும் கேள்வியும் எழவில்லை. கொடுப்பவன் வாயிலைக் காட்டியதோடு பாணன் நின்றுவிடுகிறான்.

அந்த வாயில் எப்படிப்பட்டது? பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாதது என்கிறது பாட்டு. நன்று. இன்று அதே வட்டாரத்தில் பாரதக் கூத்தைப் பாருங்கள். மேடைக்குள் அடங்காத கலை அது. திரௌபதியம்மன் விழாவில் அருச்சுனன் தவமரம் ஏறுகிறான். படுகளத்தில் மண்ணால் துரியோதனன் கிடக்கிறான். ஊரே நடந்து சென்று ஆட்டத்துக்குள் நிற்கிறது. நடையும் நாடகமும் ஒன்றாகும் இக்கலையை எந்த அயல்நாட்டாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், ஊர் என்பதில் யார் யார் அடக்கம்? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைவது தடுக்கப்பட, 2023 சூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரையிட நேர்ந்தது. துகில் உரியப்பட்ட பெண்ணின் பெயரால் ஒரு கோயில். அதன் வாயிலில் மானம் மறுக்கப்பட்ட மக்கள்!

விறலி ஆடிய வழியில், திரௌபதி வேடத்தையும் ஆணே கட்டியது நெடுநாள் வழக்கம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்றி அவ்வழக்கை உடைத்தது. அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இவ்வழியே இலக்கிய நடை நடத்த விரும்பும் தோழர்களுக்கு ஒரு சொல். 2021-இல் கழுவேலி பறவைகள் சரணாலயமாயிற்று. பறவை பார்க்க வருவோர் தொலைநோக்கியோடு வருகின்றனர். வரட்டும். நீங்கள் வெறுங்கண்ணோடு வாருங்கள். பாத்தியில் உவர்நீர் காயும் கோடையில், வெண்மை கண்ணைக் கூசும் நண்பகலில் வாருங்கள். மழையில் அளம் மூழ்கி வேலை நின்ற மாதத்திலும் ஒருமுறை வாருங்கள். வழிகாட்டியாக உப்பு வாரும் பெண்ணை அழையுங்கள். அன்றைய கூலியைக் குறையாமல் கொடுத்து அழையுங்கள். கிணைமகள் காட்சியை அவள் தெருவிலேயே ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கைதட்டிக் கலைந்துவிடாமல், அவள் வீட்டு உலையில் இன்று என்ன வேகிறது என்று கேட்டுவிட்டுக் கிடங்கில் நோக்கி நடங்கள்.