‘திருவொற்றியூர்’: முகவரிப் பட்டியல் ஏற்றத்தில் தமிழ்க் குறியாக்கச் சிதைவு

தமிழ்க் குறியாக்க விவாதம் நெடுங்காலமாக ஒரே வினாவைச் சுற்றி வந்துள்ளது: உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வேண்டுமா? ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு செல்லுமிடத்தில் நேரும் சிதைவு அதே அளவு கவனம் பெறவில்லை. பழைய தொடர்புப் பட்டியலை மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்தில் ஏற்றுகையில் அது வெளிப்படுகிறது. வடசென்னை ஊர்ப்பெயர்களே இதற்குப் போதிய சான்று தருகின்றன.

1990களின் பிற்பகுதியில் உருவான திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதிவது. ‘வொ’ அதில் ஒற்றைக்கொம்பு, வகரம், கால் என அமையும். ஒருங்குறியிலோ வகரம் முந்தும், உயிர்க்குறி பிந்தும். வரிசையை மாற்றாமல் குறிக்குக் குறி பெயர்க்கும் மாற்றி ‘திருெவாற்றியூர்’ என்றே தரும். எண்ணூரும் இராயபுரமும் தப்பிவிடுகின்றன, அவற்றில் கொம்பில்லை. முதற்சில வரிகளை மட்டும் சரிபார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

ஒருங்குறிக்கு மாறியபின் சிக்கல் தீர்ந்தது என்னும் கருத்தும் ஏற்கத்தக்கதன்று. யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். ‘திருவொற்றியூர்’ 14 குறிகள், 42 பைட்டுகள். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பு தன் குறியாக்கத்தை அறிவிப்பதில்லை. அதனை விண்டோஸ்-1252 எனக் கருதித் திறந்தால் பொருளற்ற இலத்தீன் குறிகளே தோன்றும். அவற்றுட் பெரும்பகுதியை மீட்கலாம். புள்ளியை மீட்பது உறுதியன்று. புள்ளியின் மூன்றாம் பைட்டுக்கு அக்குறியாக்கத்தில் எழுத்து ஏதும் ஒதுக்கப்படவில்லை. அவ்விடத்தில் கேள்விக்குறி இட்டுச் சேமிக்கும் மென்பொருளில் மெய்யெழுத்து மெய்யாக எஞ்சாது. தமிழுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்-16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றது. பின்னது உயிர்மெய்க்குத் தனிக் குறி தருவது. அச்சுப்பணிக்கு அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அனுப்புவோரும் பெறுவோரும் முன்கூட்டி உடன்பட்டாலன்றி அக்குறிகளுக்குப் பொருளில்லை. முகவரிப் புத்தகத்தில் அத்தகைய உடன்பாட்டை எதிர்பார்க்க இயலாது.

மேலும் ஒருங்குறியில் ‘ொ’வை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் பதியலாம். தரம் இவ்விரண்டையும் நிகரெனக் கொள்கிறது. இயல்பாக்கம் செய்யாத மென்பொருள் அவ்வாறு கொள்ளாததால் ஒருவரே இருவராகப் பதிவாகிறார். புதிய முகவரி ஒரு பதிவிலும் பழையது மற்றொன்றிலும் தங்க, மடல் உரியவரைச் சேராமற் போகலாம். ‘கௌரி’யை ளகரமிட்டுக் ‘கெளரி’ எனத் தட்டச்சிடுவது வேறு வகை. அங்குக் குறியாக்கம் பிழையற்றது, எழுத்தே தவறானது. எந்த இயல்பாக்கமும் அதனைத் திருத்தாது.