ஆச்சிக்கு எட்டுப் பக்கம்

யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் கண்மூடினால், முப்பத்தோராம் நாள் அவர் கையடக்கப் புத்தகமாகத் திரும்பி வருகிறார். கீரிமலையில் அந்தியேட்டியை முடித்து, வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் சொந்தபந்தத்துக்கு ஆளுக்கொரு பிரதி கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பேர். நினைவு மலர் என்றும் அச்சிடுகிறார்கள். மும்பையில் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு தமிழ்த் தாய் போய்ச் சேர்ந்தால் இப்படியொரு புத்தகம் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

சடங்கில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது இரண்டு கரையிலும் உள்ளதுதான். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதும் அப்படியே. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் உரலில் சுண்ணம் இடித்து, மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். சயான் சுடுகாட்டுக்குக் கிளம்பும் திருநெல்வேலிக்காரர் வீட்டில் அது இருக்காது. யாழ்ப்பாணத்தில் எட்டுச் செலவு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று கணக்கு போகிறது. தாராவியில் பதினாறாம் நாள் விசேஷம், மாட்டுங்கா பிராமண வீட்டில் பதின்மூன்றாம் நாள் சுபம்.

கல்வெட்டைப் பிரித்தால் முதலில் ஆச்சியின் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி. அடுத்து திதி வெண்பா. எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பதை நாலடிக்குள் அடக்கி, ஆச்சி சிவபதம் சேர்ந்ததைச் சொல்லி முடிக்கும். உள்ளூர்ப் புலவரோ தமிழ் வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார். இலக்கியத் தரத்தை விடுங்கள். அதில் ஒரு காரியம் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் மகன் அடுத்த ஆண்டு பஞ்சாங்கத்தில் திவச நாளைத் தேட அந்த வெண்பா போதும். பிறகு தேவார திருவாசகம், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல்.

இந்த வம்சாவழிதான் பின்னாளில் பெரிய உதவியாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995இல் போரில் யாழ்ப்பாணத்து வலிகாமத்து மக்கள் கையில் கிடைத்ததோடு வீட்டைவிட்டு இறங்கினார்கள். ஆல்பமும் காணி உறுதியும் அலமாரியோடு போயின. கல்வெட்டு மட்டும் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருந்ததால் எங்கேயாவது ஒரு பிரதி தப்பியது. நூலகம் என்ற பெயரிலேயே 2005இல் தொடங்கிய இணைய ஆவணகம் இந்த நினைவு மலர்களையும் தேடி எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

அதற்காகக் கல்வெட்டைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். பல மலர்களில் ஆச்சி இன்னாரின் மகள், இன்னாரின் பாரியார், இன்னாரின் மாமியார் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். எல்லாத் தாயும் பொறுமையின் சிகரம், எல்லாரும் விருந்தோம்பலில் சிறந்தவர். மாமியாரோடு சண்டை போட்ட ஒருத்திகூடவா இல்லை? அச்சுக்கூலி கொடுக்க முடியாத வீட்டுக்குக் கல்வெட்டும் இல்லை. இலங்கை முழுவதும் இந்த வழக்கம் என்றும் நினைக்கக் கூடாது. மலையகத்துத் தோட்ட லயத்தில் பதினாறாம் நாள் கருமாதிதான். அவர்கள் செய்முறை தாராவிக்குத்தான் கிட்டத்தில் நிற்கிறது.

மாட்டுங்காவில் தாயை நினைப்பது எள்ளும் தண்ணீரும். தர்ப்பணத்தில் அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அவருக்கு மாமியாரான கொள்ளுப்பாட்டி என்று மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர் சொல்லப்படும். அம்மா வழிப் பாட்டிக்கும் அவர் வரிசைக்கும் தனியே உண்டு. ஆனால் பெயரும் கோத்திரமும் மட்டுமே. நாலாவது தலைமுறை வந்ததும் மேலே உள்ள பெயர் உதிர்ந்துவிடும். மஹாளய பட்சத்தில் அவிதவா நவமி என்று ஒரு நாள் இருக்கிறது, அது சுமங்கலியாய்ப் போனவர்களுக்கு மட்டும். கணவன் போன பிறகு முப்பது வருஷம் குடும்பத்தைக் கட்டி இழுத்தவளுக்கு அந்த நாளில் இடமில்லை. இந்த இடத்தில் ஈழத்துச் சைவர் வழக்கம் எனக்கு மேலாகப் படுகிறது. ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களுக்கு, சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கு. அவள் சுமங்கலியா விதவையா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் விரதமிருந்து, கோயிலில் மோட்ச அருச்சனை செய்வார்கள். நமக்குச் சித்திரா பௌர்ணமி என்றால் சித்திரகுப்தன் நினைப்புத்தான் வரும், மதுரைக்காரருக்கு அழகர்.

தாராவிக்கு வருவோம். இங்கே ஆச்சி போனால் தெரு முனையில் ‘கண்ணீர் அஞ்சலி’ பிளக்ஸ் ஏறும். படத்துக்குக் கீழே மகன், பேரன், சங்கத்துக்காரர் பெயர்கள் வரிசையாக நிற்கும். வசதியுள்ளவர் தினத்தந்தி மும்பைப் பதிப்பில் விளம்பரம் கொடுப்பார். பலர் மீதிக் காரியத்தை ஊரில் வைத்துக்கொள்கிறார்கள். பிழைக்க வந்த இடம் இது, அழுவதற்கு ஊர் என்ற எண்ணம் இரண்டு தலைமுறை கழிந்தும் போகவில்லை.

ஆச்சியின் கதையை முழுக்கச் சொல்கிற ஒரே ஆள் ஒப்பாரி வைக்கும் கிழவிதான். பக்கத்துப் பெண்ணின் தோளைக் கட்டிக்கொண்டு, ஊரில் பீடி சுற்றியது, தாதரில் கைக்குழந்தையோடு இறங்கியது, குழாயடியில் குடத்தோடு நின்றது, விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்றது, குடித்துவிட்டு வந்த புருஷன் என்று ஒன்று விடாமல் இழுப்பாள். கல்வெட்டில் வராத உண்மையெல்லாம் அதில் வரும். மூச்சு வாங்கி மூக்கைச் சிந்தியதும் அது முடிந்தது. அந்தக் கிழவிகளும் குறைந்துவிட்டார்கள். இப்போது வாடகை ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது.

ஆச்சியைப் பற்றிய காகிதம் தாராவி வீட்டில் இல்லாமலில்லை. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது: ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, பழைய வாக்காளர் பட்டியலின் நகல். 2024இல் மறுசீரமைப்புக்கான சர்வே தொடங்கியதிலிருந்து அந்த உறைக்கு மதிப்பு கூடிவிட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. செத்துப்போன ஆச்சியின் பெயர் இன்று அதற்குச் சாட்சி. அவள் இங்கே இருந்தாள் என்பதை அந்த ரசீது சொல்லும். சிவசேனைக்காரர்கள் ‘லுங்கிவாலா’ என்று விரட்டிய அறுபதுகளின் கடைசியில் பிள்ளைகளை எங்கே ஒளித்தாள், 1992-93 கலவரத்தில் யாரை வீட்டுக்குள் விட்டாள் என்பதைச் சொல்லாது.

சால்கள் இடியும்போது பக்கத்து வீட்டுக்காரரும் வேறு வேறு கட்டடத்துக்குப் போவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளிருக்காது. வெண்பா வேண்டாம், பொறுமையின் சிகரமும் வேண்டாம். எந்த ஊர், எந்த ரயில், முதல் சம்பளம் எவ்வளவு, யாரோடு சண்டை, யாருக்குச் சோறு போட்டாள், மறைந்த நாளின் திதி: இவ்வளவு போதும். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடும்போது எட்டுப் பக்கம் அச்சடிக்கவும் ஒரு தொகை ஒதுக்குங்கள். ஆச்சி உயிரோடிருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். தப்பாகச் சொன்னதை அவரே திருத்துவார்.