கதவில்லாத வாசல்

பேய்க்கதைப் பிரியர்களில் எம்.ஆர். ஜேம்ஸ் கட்சிக்குத்தான் ஆள்பலம் அதிகம். நான் மார்கரெட் ஒலிஃபண்ட் கட்சி. "அந்த அம்மாவின் பேய்க்கு உடம்பே கிடையாதே, வெறும் குரலை வைத்துக்கொண்டு எப்படிப் பயப்படுவது?" என்று லெ ஃபானு பித்துப்பிடித்த நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். பயப்படுவதற்காக அவரைப் படிக்கவே கூடாது என்பேன் நான்.

1882-ல் பிளாக்வுட்ஸ் இதழில் வந்த 'தி ஓபன் டோர்' ஒன்று போதும். எடின்பரோ பக்கத்தில் ஒரு பெரிய வீடு. தோட்டத்தில் இடிந்து கிடக்கிறது அதற்கு முன்பிருந்த வீடு. அதில் வேலைக்காரர்கள் புழங்கிய வாசல் ஒன்று நிற்கிறது. கதவு இல்லை, அந்தப் பக்கம் அறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் நுழையலாம், நுழைந்தால் போய்ச் சேர இடம் கிடையாது. இந்த வாசலில் நின்றுதான் ஒரு குரல், உள்ளே விடச் சொல்லி அம்மாவிடம் இரவெல்லாம் மன்றாடுகிறது. பூட்டாத வாசலில் ஒருவனைக் கெஞ்ச வைத்தாரே, அங்கேதான் ஒலிஃபண்ட் நிற்கிறார்.

குரலைக் கேட்ட அந்த வீட்டுச் சிறுவன் ரோலண்ட் காய்ச்சலில் விழுகிறான். பயத்தால் வந்த காய்ச்சல் இல்லை அது. யாரோ கஷ்டப்படுகிறார்களே, யாரும் உதவவில்லையே என்ற தவிப்பு. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய கர்னல் அப்பா, மகன் சொல்லுக்காக இருட்டில் கிளம்புகிறார்.

கடைசி இரவில் வயதான பாதிரியார் மான்கிரீஃப் அந்தக் குரலை அடையாளம் கண்டு, ஊர்ப் பையனை அதட்டுவதுபோல் பெயர் சொல்லி அதட்டுகிறார். பிறகு அவனுக்காக ஜெபிக்கிறார். 'பக்தி தூக்கல்' என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த நொடியைக் கவனிப்பதில்லை. வாசலுக்குள் யாரோ பாய்ந்து விழுவதாக உணர்ந்து, தாங்கிப் பிடிக்கக் கர்னல் தாவுகிறார். நெற்றி சுவரில் உரசுகிறது, கை தரையில் ஊன்றுகிறது. அங்கே யாருமில்லை. பேயை விரட்டப் போகிறவர்கள் உண்டு, பேய்க்கு அடிபட்டுவிடுமே என்று பதறி ஓடியவரை வேறெங்கே பார்த்தோம்? இடிபாட்டுக்குள் யாரோ தங்கியிருந்த தடயத்தைப் பிற்பாடு, கர்னலுடன் வந்த டாக்டர் சிம்சன் கண்டுபிடித்துக் காட்டுவார். காட்டட்டும், அந்தத் தாவலை அது என்ன செய்துவிடும்? பக்தி சார்ந்த பேய்க்கதையை ஒலிஃபண்டைவிட நன்றாக யாரும் எழுதவில்லை என்று சொன்னவர் வேறு யாருமல்ல, ஜேம்ஸேதான்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் புலம்பல் என்று இதைச் சுருக்குகிற விமர்சகர்களோடும் எனக்கு ஒத்துவராது. 1864-ல் ரோமில் மகள் மேகி இறந்தாள், உண்மைதான். ஆனால் துக்கம் கதை கட்டித் தராது. கணவர் இறந்தபின் தன் பிள்ளைகளையும் அண்ணன் குடும்பத்தையும் பேனாவாலேயே காப்பாற்றிய கை அது. அவருடைய இன்னொரு கதையான 'எ பிலீகர்ட் சிட்டி'யில் செத்தவர்கள் திரண்டு வந்து ஊரையே காலிசெய்ய வைக்கிறார்கள். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1896-ல் வந்த 'தி லைப்ரரி விண்டோ'விலோ, ஒரு ஜன்னல் இருக்கிறதா இல்லையா என்பதே கதை.

இன்றைய பேய்ப்படங்களில் கதவு தானாகத் திறந்தால் கூடவே நூறு வயலின் அலறுகிறது. செத்தவனுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒலிஃபண்ட் அதை மட்டும்தான் கேட்டார்.