வீட்டு சோலார்: ஏசி ஓடும் வீட்டுக்கும் இரண்டு கிலோவாட் போதும்

மார்ச் முடிவதற்குள் வீட்டு சோலார் பற்றிய விசாரிப்பு சூடு பிடித்துவிடும். விற்பவர் முதலில் கேட்பது போன கோடையின் ஈபி பில்லை. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் என்றால் நாளுக்கு 15. ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும். அப்படியானால் 4 கிலோவாட் வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று 5 போட்டுவிடலாம் என்பார். இருபத்தைந்து ஆண்டு மாடியில் இருக்கப்போகும் ஒரு பொருளின் அளவை, ஆண்டின் மிக மோசமான இரண்டு மாதங்கள் இப்படித்தான் முடிவு செய்துவிடுகின்றன. தமிழ்நாட்டின் மின்கட்டண அமைப்பில் இதனால் நட்டப்படுபவர் வாங்குபவர்தான். இரண்டு படுக்கையறையிலும் ஏசி ஓடும் நடுத்தரக் குடும்பத்துக்குக்கூட, பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணையும் 2 கிலோவாட் ஆன்கிரிட் அமைப்பே சரியான அளவு என்று நான் நினைக்கிறேன்.

முதலில் தேவையைப் பார்ப்போம். ஏசியின் முகப்பில் ஒட்டியிருக்கும் நட்சத்திர அட்டையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியில் அந்த எண் 800-ஐ ஒட்டி இருக்கும். 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு அரை யூனிட் வருகிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஓடினால் 4 யூனிட். இரண்டு ஏசிக்கு 8, அறுபது நாளுக்கு 480. நாள் முழுக்க வெயில் குடித்த தளத்துக்குக் கீழே இருக்கும் அறையில் இன்னும் கொஞ்சம் கூடும் என்பதால் 500 என்றே வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், மின்விசிறிகள், தண்ணீர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், டிவி எல்லாம் சேர்த்து 400. ஏப்ரல்–மே பில்லில் 900 யூனிட் இப்படித்தான் வருகிறது. இதே வீடு ஜூன்–ஜூலையில் 750, அடுத்த இரு மாதத்தில் 550, மழைக்காலத்தில் 400, மார்கழி, தை குளிரில் 320, பிப்ரவரி–மார்ச்சில் 480 யூனிட் செலவழிக்கிறது என்று கொண்டால் ஆண்டுக்கு 3,400. அதில் பில்லுக்கு 100 வீதம் ஆறு பில்லுக்கு 600 யூனிட் இலவசம். காசு கொடுத்து வாங்குவது 2,800 யூனிட் மட்டுமே. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 1,400 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். இரண்டு கிலோவாட் தருவதும் அதே 2,800 தான்.

ஆண்டுச் சராசரியைக் காட்டி மே மாதத்தை மறைக்கிறீர்களே, பர்ஸைக் காலி செய்வது அந்த பில்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கட்டண அடுக்கில் இருக்கிறது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, மானியம் போக, வீடுகள் கட்டும் விலையை எடுத்துக்கொள்கிறேன் (2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது). பில் 500 யூனிட்டுக்குள் நின்றால், இலவச நூறுக்கு அடுத்த நூறு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். தாண்டிய நூறு யூனிட்டுக்கு 8.40, 800 வரை 9.45, அதற்கு மேல் 10.50, ஆயிரம் தாண்டினால் 11.55. இதன்படி 900 யூனிட்டுக்கு 5,820 ரூபாய். இதில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும் முதல் கிலோவாட்டை வைத்துப் பாருங்கள். அது வெட்டுவது உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்டுகளை. பில் 3,450-க்கு இறங்குகிறது, மிச்சம் ஏறத்தாழ 2,370. இரண்டாவது கிலோவாட் பில்லை 500 யூனிட் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து, 2.35 சலுகையையும் மீட்டு, 2,150 ரூபாய் மிச்சம் பண்ணுகிறது. மூன்றாவது மிச்சம் பண்ணுவது 1,110 தான். நான்காவது 190 ரூபாயோடு நின்றுவிடுகிறது. ஐந்தாவதுக்கு வெட்டுவதற்கு எதுவும் மீதியில்லை. கோடை பில்லின் வலி முழுவதும் மேலடுக்கில் இருக்கிறது, அதை எடுக்க முதல் இரண்டு கிலோவாட்டே போதுமாயிருக்கிறது.

ஆண்டு முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் இடைவெளி இன்னும் விரிகிறது. மின்வாரியம் வசூலிக்கும் மற்ற கட்டணங்களைத் தள்ளி யூனிட்டுக்கான தொகையை மட்டும் பார்த்தால், முதல் இரண்டு கிலோவாட் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 ரூபாயை மிச்சப்படுத்துகின்றன. மூன்றாவது கிலோவாட் தருவது சுமார் 1,700. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000, அதோடு 78,000-இல் மானியம் முடிகிறது. இரண்டு கிலோவாட்டைச் சந்தையில் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினாலும் மானியம் போக 90,000. ஆறேழு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டை மத்திய அரசின் அடையாள விலையான 45,000-க்கே வாங்கினாலும், மானியம் போக 27,000 ரூபாய் திரும்பி வர பதினாறு ஆண்டு ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். மின்கட்டணம் ஏறிக்கொண்டேதானே போகிறது என்பார்கள். கட்டணம் நாளைக்கே இரட்டிப்பானாலும் மூன்றாவது கிலோவாட்டுக்கு எட்டு ஆண்டு பிடிக்கும். அப்போதும் முதல் இரண்டின் கைதான் ஓங்கியிருக்கும்.

நெட் மீட்டர் இருக்கிறதே, மிஞ்சுவது அடுத்த பில்லில் கழியும், எதுவும் வீணாகாதே என்பது அடுத்த வாதம். கழிவது உண்மை. ஆனால் கழிப்பதற்கு ஒரு பற்றாக்குறை பில் வர வேண்டும். மூன்று கிலோவாட் ஆண்டுக்கு 4,200 யூனிட் தரும்போது, காசு கொடுத்து 2,800 மட்டுமே வாங்கும் வீட்டில் 1,400 யூனிட் எந்த பில்லிலும் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. ஆண்டுக் கணக்கு முடியும்போது மிஞ்சும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் விலை கிடைப்பதில்லை. அந்தக் கணக்கு எந்த மாதத்தில் முடிகிறது என்பதையும் விண்ணப்பிக்கும்போதே பிரிவு அலுவலகத்தில் கேட்டு வைக்க வேண்டும். கோடைக்குச் சற்று முன் முடியுமானால், பிப்ரவரி–மார்ச்சின் நல்ல வெயிலில் சேர்த்த யூனிட் மே மாதத்துக்கு வந்து சேராது.

வெயில் அதிகமானால் உற்பத்தியும் அதிகம் என்ற நம்பிக்கைக்கும் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டே பதில் சொல்லும். அதில் போட்டிருக்கும் 540 வாட், செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நிழலில் 38 டிகிரி இருக்கும் மதியத்தில் செல்லின் சூடு 70-ஐ நெருங்கும். டாப்கான் வகைப் பேனலில் டிகிரிக்கு 0.3 சதவீதம் குறைகிறது, 25-க்கு மேல் கூடும் ஏறத்தாழ 44 டிகிரிக்கு 13 சதவீதம் போய்விடும். பழைய மோனோ பெர்க் வகையில் 0.35 சதவீதம், ஆகவே இழப்பு 15-ஐத் தாண்டும். வெப்பம் தின்னும் இந்தப் பங்கைக் காட்டி இன்னொரு கிலோவாட் விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. நாளுக்கு 4 யூனிட் என்ற கணக்கே இந்த இழப்பையும் தூசியையும் கழித்துப் போட்டதுதான். காசு செலவழிப்பதாக இருந்தால் டாப்கான் பேனலுக்கும், பேனலுக்கு அடியில் காற்று புகும் அளவு உயரமான தாங்கிக்கும் செலவழிக்கலாம். படுக்கையறைக்கு நேர் மேலே அதை நிறுத்தினால் தளத்தில் நிழல் விழுந்து ஏசியின் வேலையும் குறையும்.

பொருளாகப் பார்த்தால் இந்த அளவு கையடக்கமானது. 540 வாட் பேனல் நான்கு, 2.16 கிலோவாட். ஒவ்வொன்றும் ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை 28 கிலோ அளவில். நான்கும் சேர்ந்து 115 சதுர அடிக்குள் அடங்கும். ஐந்து கிலோவாட்டுக்கு இடம் தேடி, தண்ணீர்த் தொட்டியின் வடக்குப் பக்கம் வரை பேனலைத் தள்ள வேண்டிய நிலை வராது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் அப்போது தொட்டியின் நிழல் தெரியாது. டிசம்பரில் அதே தொட்டி தன் உயரத்தில் முக்கால் பங்கு நீள நிழலை வடக்கே வீசும். கோடையில் மாடியைப் பார்த்து இடம் குறிப்பவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான். மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல்கள் கொண்ட பேனல் கட்டாயம் என்பதால் பில்லில் டிசிஆர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்திய முதல் வாரத்தில் பலரும் பதறும் ஒரு விஷயமும் உண்டு. இன்வெர்ட்டர் திரையில் 8 யூனிட் காட்டும், இருவழி மீட்டரின் ஏற்றுமதிக் கணக்கில் 5 தான் ஏறியிருக்கும். நடுவில் காணாமல் போன 3 யூனிட்டைப் பகலில் வீடே பயன்படுத்திவிட்டது. மீட்டரில் கோளாறு இல்லை.

மின்வெட்டைக் காரணம் காட்டிப் பெரிய அமைப்பு கேட்பவர்களுக்கு ஒன்று தெளிவாக வேண்டும். ஆன்கிரிட் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு இது. ஐந்து கிலோவாட் போட்டாலும் மதிய வெட்டில் மின்விசிறி சுற்றாது. இரவு முழுக்க இரண்டு ஏசியை பேட்டரியில் ஓட்ட 8 யூனிட்டுக்கு மேல் சேமிக்கும் லித்தியம் பேட்டரி தேவை. அதற்கான பணம் சோலாருக்குக் கொடுத்ததையே மிஞ்சிவிடும். வெட்டு நேரத்து விளக்குக்கும் விசிறிக்கும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரே போதும்.

பெரிய அமைப்புக்கு நான் ஏற்கும் காரணம் ஒன்றே ஒன்று, மின்சாரக் கார். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 260 முதல் 300 யூனிட் வரை கூடும். அது முழுதாக ஒரு கிலோவாட்டின் வேலை. ஸ்கூட்டருக்கு அது பொருந்தாது. தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டினாலும் நாளுக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் செலவாகும். கார் வரும் என்று தோன்றினால் இப்போதே 3 கிலோவாட் இன்வெர்ட்டர் வாங்கி, பேனல் நான்கோடு நிறுத்தி, தாங்கியில் இன்னும் இரண்டு பேனலுக்கு இடம் விட்டு வைக்கலாம். வாங்குமுன் இன்வெர்ட்டரின் விவரத் தாளில் எம்பிபிடி வோல்ட் எல்லையை, அதாவது பேனலிலிருந்து அது முழுத் திறனை எடுக்கக்கூடிய வோல்ட் வரம்பைப் பார்க்க வேண்டும். நான்கு பேனல் தொடராக 165 வோல்ட் தரும், மே மாத மதியச் சூட்டில் அது 145 வரை இறங்கும். இன்வெர்ட்டரின் கீழ் எல்லை 100 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் கவலையில்லை. 150-இல் தொடங்கும் இன்வெர்ட்டரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.