வரைபடம் மறைந்த பின்: பிராங் போலிங்கின் அக்றிலிக் ஓவியங்கள்

புலம்பெயர்ந்த ஓவியன் ஒருவனின் நினைவை அவனது படைப்பில் எங்கே தேடுவது? வீடும் தாயும் விட்டுவந்த தெருவும் வரையப்பட்டிருந்தால் நினைவு உண்டென்றும், இல்லையேல் அது வெறும் வர்ணக் கோலமென்றும் கொள்வோர் நம்மிடையே பலர். இக்கணிப்பின் போதாமையைப் பிராங் போலிங்கின் ஓவியங்கள் உணர்த்துகின்றன.

1934 இல் பிரித்தானிய கயானாவிற் பிறந்த போலிங் 1953 இல் இலண்டன் சேர்ந்தார். 1966 இல் நியூயோர்க் சென்றார். கயானா சுதந்திரமடைந்ததும் அவ்வாண்டிலேயே. நியூ அம்ஸ்ரர்டாமில் அவர்தம் தாயார் கடை நடத்திய வீட்டின் நிழற்படம், அக்கால ஓவியங்களிற் பட்டுத்திரை அச்சாக மீண்டும் மீண்டும் வருகிறது. 1967 முதல் 1971 வரையான ஓவியங்களில் தென்னமெரிக்கா, ஆபிரிக்கா ஆகியவற்றின் எல்லைக்கோடுகள் வர்ணப் படலங்களினூடே மங்கித் தெரிகின்றன. அடிமைக் கப்பல்களின் அத்திலாந்திக் பாதையைப் பெயரிலேயே தாங்கும் ‘நடுக்கடற் பயணம்’ 1970 இற்குரியது. இவ்வோவியங்களுக்குப் பொருள் கூறுவதில் விமரிசகனுக்குச் சிரமம் அதிகமில்லை.

சிரமம் அதன் பின்னரே தொடங்குகிறது. 1973 அளவில் வரைபடம் முற்றாக மறைகிறது. சாயக்கூடிய மேடையொன்றை அமைத்து, இரண்டு மீற்றர் வரையான உயரத்திலிருந்து அக்றிலிக் வர்ணத்தைத் துணிமீது வழியவிட்டார் போலிங். உருவவாதத்தின் பேராசானாகிய கிளெமென்ற் கிறீன்பேர்க்கின் நட்பு இம்மாற்றத்துக்கு ஊக்கமளித்தது. சமூக உள்ளடக்கத்தை அவர் கைவிட்டார் எனும் குற்றச்சாட்டு எழக்கூடியது இவ்விடத்திலேயே.

ஆயின் அக்றிலிக் என்னும் ஊடகத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். தடித்த எண்ணெய் வர்ணம் உலர மாதக்கணக்காகும். அக்றிலிக்கோ நீர் ஆவியானதும் இறுகிவிடும்; கூழ் சேர்த்தால் தடித்துப் பிற பொருள்களைத் தன்னுட் பிடித்துக்கொள்ளும். 1980களில் போலிங் நுரைப்பஞ்சுக் கீலங்களையும் சிறு விளையாட்டுப் பொருள்களையும் இவ்வாறு புதைத்தார். அப்பத்தாண்டின் இறுதியில் வந்த ‘மாபெரும் தேம்ஸ்’ வரிசையில், நீர் வற்றிய ஆற்றுப்படுகையைப் போல் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. நினைவு இங்கு சித்திரிக்கப்படவில்லை, படிந்திருக்கிறது. எல்லைக்கோடு நாட்டைச் சுட்டிக்காட்டும். படிவோ அதன்மேற் கழிந்த காலத்தைக் காட்டும். பின்னையதே ஆழமானது என்பது என் துணிபு.

எல்லாம் வெற்றியென்று கூறமுடியாது. சிலவற்றில் மினுக்குப்பொடி அலங்காரமாகவே எஞ்ச, உணர்ச்சியின் சுமையைத் தலைப்பே தனித்துச் சுமக்கிறது. அச்சுப்பிரதிகளைக் கொண்டு மட்டும் இவற்றை மதிப்பிடுவோரும் அவதானமாயிருத்தல் நன்று: தாள் எதையும் தட்டையாக்கிவிடும். ரேற் பிரித்தன் கலைக்கூடம் அவரது முழுமையான கண்காட்சியை நடத்தியது 2019 இல். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. இத்தாமதம் ஓவியரின் குறையன்று.

1989 இல் போலிங் தம் மகனுடன் கயானா சென்றார். பல்லாண்டுகளாகத் தம் ஓவியங்களிற் பரவியிருந்த ஒளி அந்நிலத்துக்குரியது என்பதை அங்கேதான் அவர் கண்டுகொண்டார்.